கப்பலேறும் வைன் போத்தலும் தக்கைக் கூலியும்

கொழும்பிலே பெரிய ஹோட்டல் ஒன்றில் பிள்ளைகளின் திருமண வரவேற்பை நடத்திய பெற்றோர் பலருக்குக் 'கோர்க்கேஜ்' என்ற சொல் புதியதன்று. விருந்தினர்க்கான மதுவகைகளை வெளியிலிருந்து தாமே வாங்கி வந்தால், அவற்றைத் திறந்து பரிமாறுவதற்குப் போத்தல் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஹோட்டல்காரர் அறவிடும் பணமே அது. 'கோர்க்' என்பது போத்தலின் வாயை அடைக்கும் தக்கை. தக்கையைப் பிடுங்குவதற்குக் கொடுக்கும் கூலி என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஆகவே தமிழிலே அதனைத் தக்கைக் கூலி என்று வழங்குவோம்.

இதே கூலி கடலிலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து கரிபியன் தீவுகளை நோக்கிப் புறப்படும் உல்லாசக் கப்பல்களிலே, பிரயாணி ஒருவர் தம் கைப்பெட்டியில் ஒரு வைன் போத்தலைக் கொண்டு செல்லலாம். இரவுச் சாப்பாட்டு மேசையில் அதனைத் திறக்கச் சொன்னால், 15 டொலரோ 20 டொலரோ அதற்கு மேலோ அவர் கணக்கில் எழுதப்படும். போத்தல் அவருடையது. விலை கொடுத்தவரும் அவரே. சுமந்து வந்தவரும் அவரே. திறப்பதற்கு ஒரு நிமிஷம் செல்லுமா? அந்த ஒரு நிமிஷத்துக்கு, கரையிலே போத்தலை வாங்கிய விலையிலும் கூடிய தொகையைச் சில வேளை கொடுக்க நேர்கிறது. இஃது என்ன நியாயம் என்று பிரயாணிகள் முணுமுணுப்பதில் வியப்பில்லை. கேள்வி சிறியதுதான். ஆயினும் விடை தேடிப் புறப்பட்டால், இன்றைய உல்லாசக் கப்பல் எவ்வாறு பிழைக்கிறது என்னும் பெரிய கணக்கிலே அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

மதுவைத் தீண்டாத குடும்பங்கள் இவ்விடத்திலே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் தாய் தந்தையரை ஒரு வாரம் கப்பலேற்றிக் கடல் காட்டும் காலம் இது. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து வந்த 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைகளோடு நமது காங்கேசன்துறைக்கும் வந்து சென்றது. எனவே கப்பல் விதிகள் நமக்குத் தூரத்து விஷயமல்ல. வைன் போத்தலுக்கு இட்ட விதி ஈற்றிலே தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்ட கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

வைனும் கப்பலின் அளவும்

முந்திரிகை மதுவாகிய வைனுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கப்பலின் பருமனை இத்தனை 'தொன்' என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? இந்தச் சொல்லே வைன் பீப்பாவிலிருந்து பிறந்தது. பிரான்சின் பொர்தோ முதலிய துறைகளிலிருந்து இங்கிலாந்துக்கு வைன் ஏற்றிவந்த காலத்தில், பெரிய பீப்பா ஒன்றுக்கு 'தன்' என்று பெயர். பழைய வைன் கலனில் 252 கலன் கொண்டது அது. இக்கால அளவில் ஏறக்குறைய 950 லீற்றர் ஆகும். ஒரு கப்பல் எத்தனை பீப்பா கொள்ளும் என்பதே அக்கப்பலின் அளவாயிற்று. நாளடைவில் பீப்பா மறைந்தது. சொல் மட்டும் நின்றது. 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் மயாமியிலிருந்து முதற் பிரயாணம் புறப்பட்ட 'ஐக்கன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பலின் மொத்தத் தொன் அளவு 248,000 இற்கும் அதிகம் என்று சொல்லும்பொழுது, பழைய வைன் வியாபாரியின் வாய்ச்சொல்லையே நாமும் சொல்கிறோம். இன்று அது நிறையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளிட அளவைக் கொண்டு கணிக்கப்படுவது.

கப்பலில் வந்த வைனுக்குத் தண்டம் வாங்கும் வழக்கமும் அத்துணைப் பழையதே. இங்கிலாந்து அரசருக்கு இடைக்காலத்தில் ஓர் உரிமை இருந்தது. இருபது பீப்பாவோ அதற்கு மேலோ ஏற்றிவரும் கப்பலிலிருந்து இரண்டு பீப்பாக்களை அரசர் எடுத்துக்கொள்வார். பாய்மரத்துக்கு முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. பத்துக்கு மேல் இருபதுக்குள் ஏற்றி வந்தால் ஒரு பீப்பா. முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று என்று ஏன் விதித்தார்கள்? நல்ல சரக்கை ஒரு பக்கத்தில் மறைத்து, மட்டமானதை அரசர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்பது எமது ஊகம். 1303 ஆம் ஆண்டு முதல் அந்நிய வியாபாரிகள் பீப்பாவைக் கொடாமல், பீப்பா ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் பணமாகச் செலுத்த அனுமதி பெற்றனர். இந்த ஏற்பாடுகள் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தன. ஆக, பிறருடைய வைன் கப்பலில் இருக்கக் கண்டு கை நீட்டும் பழக்கத்தை இக்காலக் கொம்பனிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

காலிக்கு வந்த கப்பலில் கூலி இல்லை

இனி, பிரயாணிகளின் கதைக்கு வருவோம். 1842 ஆம் ஆண்டு பி. அன்ட் ஓ. கொம்பனியார் தமது 'ஹிந்துஸ்தான்' என்னும் நீராவிக் கப்பலை இந்துசமுத்திரத்துக்கு அனுப்பி, சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே சேவையைத் தொடங்கினர். வழியிலே அக்கப்பல்கள் தங்கிய துறைகளுள் நமது காலியும் சென்னையும் அடங்கும். கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி கட்டப்படுமுன், காலியே இலங்கையின் கப்பல் வாயிலாக விளங்கியது என்பதை வாசகர்கள் அறிவர்.

அக்காலத்துக் கொம்பனி விளம்பரங்களிலே நம் கண்ணைக் கவரும் ஒரு விஷயம் உண்டு. முதலாம் வகுப்புப் பிரயாணியின் சீட்டு விலையில், சாப்பாடு, பரிசாரகர் கூலி என்பவற்றோடு வைனும் அடங்கியிருந்தது. சீட்டு வாங்கியவர் கேட்ட மாத்திரத்தில் வைன் வரும். கணக்கெழுத ஆள் இல்லை. சீட்டின் விலையோ சாமானியருக்கு எட்டாதது. துரைமாரும் பெரிய உத்தியோகத்தருமே அதனைக் கொடுக்க வல்லவர். வைனின் விலை சீட்டுக்குள் முன்னதாகவே ஒளிந்திருந்தமையால், சொந்தப் போத்தல் கொண்டு செல்லவேண்டிய தேவையும் இல்லை. அதற்குக் கூலி கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

இதே பி. அன்ட் ஓ. கொம்பனியார்தாம் 1844 ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் உல்லாசப் பிரயாணங்களை விளம்பரப்படுத்தினர். நாவலாசிரியர் தக்கரேக்கு இலவசமாகச் சீட்டுக் கொடுத்து அனுப்பினர்; அவரும் திரும்பி வந்து 1846 இல் அப்பிரயாணத்தை ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். எழுத்தாளனுக்கு இலவசச் சீட்டுக் கொடுத்து விளம்பரம் தேடும் தந்திரமும் அவ்வளவு பழையது என்பதை நமது இளம் எழுத்தாளர்கள் குறித்துக்கொள்வார்களாக.

பதினான்கு ஆண்டு வரட்சி

கப்பலையும் மதுவையும் பற்றிய சட்டங்கள் உச்சநிலை அடைந்தது அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்திலேயாகும். 1920 ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய அம்மதுவிலக்கு 1933 டிசம்பர் 5 ஆம் நாள் வரை நீடித்தது. கரையிலே மது விற்பது குற்றம். கடலிலே? இக்கேள்வி அமெரிக்கக் கப்பற்காரரையும் நீதிபதிகளையும் உலுக்கியது.

1922 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சட்டமா அதிபர், அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல் எக்கடலில் நின்றாலும் அதில் மது விற்றலாகாது என்று கருத்துக் கூறினார். அந்நியக் கப்பல்களும் அமெரிக்கக் கடலெல்லைக்குள் மதுவைக் கொண்டு வரலாகாது என்றார். குனார்ட் கொம்பனியார் வழக்காடினர். 1923 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்தது: திறந்த கடலில் அமெரிக்கக் கப்பலை மதுவிலக்குச் சட்டம் கட்டாது, ஆனால் அமெரிக்கக் கடலெல்லைக்குள் நுழைந்த எக்கப்பலையும், எக்கொடி பறந்தாலும், அது கட்டும். அக்காலத்தில் அவ்வெல்லை மூன்று கடல் மைல்.

இதனால் விளைந்த சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். நியூயோர்க்கிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பல், திரும்பும் பயணத்துக்கு வேண்டிய மதுவைத் துறைமுகத்துக்குள் வைத்திருக்க இயலாது. வைத்திராவிட்டால் மது விரும்பும் பிரயாணிகள் வேறு வழி தேடுவர். 1924 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரித்தானியக் கப்பல்கள் மதுவை முத்திரையிட்டுப் பூட்டி வைத்துக்கொண்டு அமெரிக்கத் துறைக்குள் வரலாம். அதற்குப் பதிலாக, கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் அகப்படும் கள்ளக் கடத்தற் கப்பல்களை அமெரிக்கர் சோதிக்கலாம். இன்றைக்கும் உல்லாசக் கப்பல்களில், பிரயாணி வழியிலே ஒரு தீவில் வாங்கிய றம் போத்தலைக் கப்பற்காரர் வாங்கி, சீட்டு ஒட்டிப் பூட்டி வைத்து, கடைசி நாளிலே திருப்பிக் கொடுக்கிறார்கள். முத்திரை வைத்தவர்கள் அரசாங்கத்தார் அன்று, கொம்பனியார் இன்று, அவ்வளவே வேற்றுமை.

மதுவிலக்கு வேறொன்றையும் பெற்றெடுத்தது. தாகம் மிகுந்த அமெரிக்கர், எங்கும் செல்லாத பிரயாணங்களுக்குச் சீட்டு வாங்கத் தலைப்பட்டனர். கப்பல் துறையை விட்டுப் புறப்படும். எல்லையைத் தாண்டியதும் மதுச்சாலை திறக்கும். சில நாள் கடலிலே உலாவி, புறப்பட்ட துறைக்கே திரும்பும். இறங்கிப் பார்க்க ஊர் இல்லை, கப்பலே ஊர். கப்பல் என்பது ஓரிடத்துக்குச் செல்வதற்கான வாகனம் என்ற எண்ணம் மாறி, கப்பலே போய்ச் சேரும் இடம் என்ற எண்ணம் முளைவிட்டதில் இந்தத் தாகத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

மலிவுச் சீட்டின் மறுபக்கம்

அம்முளையைப் பெருமரமாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டெட் அரிசன். 1972 ஆம் ஆண்டு அவர் கானிவல் கொம்பனியைத் தொடங்கினார். 'எம்பிரஸ் ஒவ் கனடா' என்ற பழைய அத்திலாந்திக் கப்பலை வாங்கி, 'மாடி கிறா' என்று புதுப் பெயரிட்டார். அவ்வாண்டு மார்ச் மாதம் முதற் பிரயாணத்திலேயே அது மயாமிக்கு அண்மையில் மணல் திட்டொன்றில் ஏறி நின்றுவிட்டது. நம்மவராயிருந்தால் சகுனம் சரியில்லை என்று கடையைக் கட்டியிருப்போம். அவரோ விடவில்லை. பெரிய கொம்பனிகளின் அந்தஸ்தோடு போட்டி போட இயலாதென்று கண்டு, சீட்டைச் சாமானியக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு விற்று, ஆட்டபாட்டமும் களியாட்டமும் நிறைந்த கப்பல் என்ற பெயரிலே அதனை ஓட்டினார்கள்.

மலிவாக விற்ற சீட்டில் விட்ட பணத்தை எங்கே பிடிப்பது? விடை 2023 ஆம் ஆண்டு கானிவல் குழுமத்தின் வரவு கணக்கில் இருக்கிறது. அவ்வாண்டு அவர்களின் மொத்த வருமானம் ஏறத்தாழ 2,160 கோடி டொலர். இதில் சீட்டு விற்ற வகையில் வந்தது 1,407 கோடி அளவே. எஞ்சிய 753 கோடி அளவு கப்பலுக்குள்ளேயும் அதனைச் சார்ந்தும் வந்தது: மதுச்சாலை, சூதாட்டசாலை, கடைகள், இணையத் தொடர்பு, துறைகளில் ஊர் சுற்றிக் காட்டுதல் முதலியன. அஃதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். கப்பலேறிய பின்பு பிரயாணியின் பணப்பை மூடியே கிடக்குமாயின், இன்றைய விலைக்குச் சீட்டு விற்க இயலாது.

தக்கைக் கூலியின் உண்மைப் பொருள் இங்கேதான் வெளிப்படுகிறது. தக்கையைப் பிடுங்கும் சிரமத்துக்காக அது வாங்கப்படுவதில்லை. பார்க்கப்போனால், தக்கையே இல்லாத போத்தல்களுக்கும் அதே கூலிதான். 2000 ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு வைன்காரர்கள் பலர் ஒன்றுகூடித் தக்கையைக் கைவிட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். இப்பொழுது எத்தனையோ வைன்கள் திருகு மூடியோடுதான் வருகின்றன. ஒரு குழந்தையும் திறக்கும் அம்மூடிக்கும் தக்கைக் கூலி உண்டு. கொம்பனி விற்றிருக்கக் கூடிய ஒரு போத்தலை நீங்கள் வாங்காமற் போனதற்கான நட்டஈடே அது. மலிவுச் சீட்டின் எஞ்சிய விலையை வேறு பெயரில் வாங்குகிறார்கள் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. சீட்டு விலை உயர்ந்த 'வைக்கிங்' கடற்கப்பல்களில் மதிய உணவோடும் இரவுணவோடும் வைனும் பியரும் சீட்டிலேயே அடக்கம். அங்கே பிரயாணி தம் சொந்த மதுவையும் கொண்டு வரலாம். தக்கைக் கூலி இல்லை. காலிக்கு வந்த பழைய கப்பலின் வழக்கத்தை இங்கே திரும்பக் காண்கிறோம். சீட்டில் முழு விலையையும் வாங்கியவர் போத்தலைப் பார்த்து அஞ்சுவதில்லை.

விதிகள் பலவிதம்

அண்மை ஆண்டுகளில் அமெரிக்கக் கொம்பனிகள் பலவற்றில் பொதுவாக உள்ள விதி இது: 21 வயது நிறைந்த ஒருவர், பிரயாணம் தொடங்கும் நாளில் மாத்திரம், 750 மில்லிலீற்றர் கொண்ட வைன் அல்லது சம்பேன் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லலாம். கூலியாளிடம் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்கலாகாது. விஸ்கி, றம், பியர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. கானிவல் கப்பல்களில் அறைக்குள்ளே தாமே திறந்து அருந்தினால் கூலி இல்லை. சாப்பாட்டுச் சாலையில் திறந்தால் 15 டொலர். 'நோர்வீஜியன்' கொம்பனியாரோ எத்தனை வைன் போத்தலும் கொண்டு வரலாம் என்று தாராளமாகக் கூறிவிட்டு, கப்பலேறும்போதே போத்தல் ஒன்றுக்கு 15 டொலரும், இரட்டைப் போத்தலுக்கு 30 டொலரும் வாங்கிக்கொள்வர். அதனை எங்கே திறந்தாலும் சரி. 'டிஸ்னி' கப்பல்களில் வளர்ந்தவர் ஒருவர் இரண்டு வைன் போத்தல்களோ ஆறு பியர்களோ ஏற்றலாம். ஒவ்வொரு துறையிலும் அவ்வாறு ஏற்றலாம். பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய இடங்களிலிருந்து புறப்படும் கப்பல்களில் வயதெல்லை பெரும்பாலும் 18. இவ்விதிகளும் தொகைகளும் அடிக்கடி மாறுவன. ஆகையால் சீட்டு வாங்கும்போதே கொம்பனியின் விதிகளைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

விதி இருக்குமிடத்தில் விதியை ஏய்ப்பவரும் இருப்பர். வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலைக் காலி செய்து, வொட்காவை ஊற்றி, பச்சைச் சாயம் கலந்து மருந்துபோலத் தோற்றுவிப்பவர்கள் உண்டு. மெல்லிய பிளாஸ்ரிக் பைகள் இதற்கென்றே சந்தையில் விற்கப்படுகின்றன. இத்துணைப் புத்தியையும் வேறு துறையிலே செலுத்தியிருந்தால் நாட்டுக்கு நன்மையாயிருக்கும்!

தண்ணீர்ப் போத்தலில் வெள்ளை நிற மதுவை நிரப்பி மூடியை மீண்டும் ஒட்டும் வித்தை பரவியபோதுதான் விஷயம் குடியாதவரையும் தீண்டியது. 2015 ஆம் ஆண்டு கானிவல் கொம்பனியார், பிரயாணிகள் போத்தலில் தண்ணீரோ வேறு பானமோ கொண்டு வருவதையே நிறுத்திவிட்டனர். தகரக் குவளையிலும் கடதாசிப் பெட்டியிலும் அடைத்த குளிர்பானங்களைக் குறித்த அளவுக்கு மாத்திரம் கொண்டு வரலாம். ஒவ்வொரு போத்தலையும் சோதிப்பதில் நேரம் வீணாகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே வேளை, கப்பலிலே தண்ணீர்ப் போத்தல்களைக் குறைந்த விலைக்கு விற்கவும் ஏற்பாடு செய்தார்கள். ஊரிலிருந்து வரும் அம்மா தாகத்துக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைக் கப்பல் வாயிலில் வைத்துவிட்டுப் போகவேண்டிய காரணம் இதுதான்.

நியாயமா, அநியாயமா?

கணக்கு முதலில். கரையிலே 12 டொலருக்கு வாங்கிய ஒரு வைனைக் கப்பலில் 40 டொலருக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் மதுவுக்கு 18 முதல் 20 வீதம் வரை சேவைக் கட்டணம் சேர்ப்பது வழக்கம். 18 வீதம் சேர்த்தால் 47 டொலர் 20 சதம். சொந்தப் போத்தலுக்கு 15 டொலர் கூலி கொடுத்தாலும் செலவு 27 டொலர்தான். இலாபம் 20 டொலர் 20 சதம். இனி, கரையில் 40 டொலரும் கப்பலில் 100 டொலரும் விலையுள்ள உயர்ந்த வைன் ஒன்றை எடுங்கள். கப்பலில் வாங்கினால் 118 டொலர், சொந்தமாகக் கொண்டு சென்றால் 55 டொலர், இலாபம் 63. கூலி ஒரே அளவாயிருப்பதனால், மலிந்த சரக்கைச் சுமப்பவருக்கு அது பாரம். நல்ல சரக்கைச் சுமப்பவருக்கு அது சிறு தொகை. ஒரு போத்தலுக்கு மேல் அனுமதியில்லாத கப்பலுக்கு நல்லதையே எடுத்துச் செல்வது புத்தி. ஆனால் அடியில் மண்டி படிந்த மிகப் பழைய வைன் ஆட்டத்துக்கு உகந்ததன்று. பெட்டியிலும் கப்பலிலும் குலுங்கிக் கலங்கிவிடும்.

மேசையிலே வாங்கும் கூலியை நாம் குறை சொல்லோம். கண்ணாடிக் கிண்ணம், பனிக்கட்டி வாளி, அவற்றைக் கழுவும் கைகள், ஆடும் கப்பலில் உடைந்துபோகும் கண்ணாடிகள், இவை யாவும் செலவே. ஒருவர் தம் அறைக்குள்ளே தம் கையால் திறக்கும் போத்தலுக்கும் கூலி வாங்குவது வேறு. அங்கே செய்யப்பட்ட சேவை எதுவும் இல்லை. எத்தனை போத்தலும் கொண்டு வரலாம் என்ற சலுகைக்கு அது விலை என்று கொம்பனி சொல்லக்கூடும். அந்தச் சமாதானத்தை ஒருவாறு ஏற்கலாம். ஆனால் அதற்குத் தக்கைக் கூலி என்று பெயரிடுவது பொருந்தாது. சுங்கம் என்று சொல்லிவிட்டால் நேர்மையாயிருக்கும்.

பிரயாணிகளின் பாதுகாப்புக்காகவே மதுவைக் கட்டுப்படுத்துகிறோம் என்றும் சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. மதுச்சாலைப் பரிசாரகர், நிலைதவறியவருக்கு இனி ஊற்றமாட்டேன் என்று மறுக்கலாம். அறைக்குள் இருக்கும் போத்தலைக் காவல்காப்பார் யார்? கடலிலே கம்பித் தடுப்பைத் தாண்டி விழுந்தவரை மீட்பது எளிதன்று. 2010 ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், அத்தடுப்பு 42 அங்குல உயரத்துக்குக் குறையலாகாது என்று விதித்தது. ஆயினும் இதே கொம்பனிகள், நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டினால் தாராளமாகக் குடிக்கலாம் என்ற திட்டங்களையும் விற்கின்றன. கானிவலின் அத்தகைய திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் எல்லை. பதினைந்து! ஒரு போத்தல் வைனிலே ஐந்தாறு கிண்ணம்தான் வரும். பிரயாணி கொண்டுவரும் இரண்டாவது போத்தல் ஆபத்து, கொம்பனி ஊற்றும் பதினைந்தாவது கிண்ணம் ஆபத்தில்லை என்றால் யார் நம்புவார்? மேலும், ஓரறையில் ஒருவர் இத்திட்டத்தை வாங்கினால், அவ்வறையிலுள்ள வயதுவந்தோர் யாவரும் வாங்கவேண்டும் என்பது பல கப்பல்களின் விதி. கணவர் வாங்கினால், மதுவை முகர்ந்தும் பாராத மனைவியும் கணக்கில் அகப்பட நேரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடிப்பவரின் கிண்ணத்திலிருந்து குடியாதவரின் சீட்டுக்குப் பணம் பாய்கிறது. தண்ணீரும் தேநீருமாக ஒரு வாரத்தை இனிது கழித்துவிட்டு இறங்கும் நமது குடும்பம், அவ்வளவு மலிவாகக் கடலைக் கண்டது அடுத்த மேசைக்காரரின் தாகத்தினால்தான். அந்த மேசைக்காரர் தம் சொந்தப் போத்தலைக் கொண்டுவந்தால் நட்டம் கொம்பனியோடு மாத்திரம் நின்றுவிடுவதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் பரிசாரகரின் வருவாய், விற்பனையோடு சேரும் சேவைக் கட்டணத்தையும் இனாமையும் பெரிதும் நம்பியிருப்பது. சொந்தப் போத்தலைத் திறப்பிக்கும் அன்பர்கள், கூலியைக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், திறந்த கையிலே இரண்டு மூன்று டொலரை வைத்தல் தகும்.

கடைசி நாளிலே, பூட்டி வைத்த போத்தல்கள் சீட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கப்படும். 21 வயது நிறைந்தவர் ஒரு லீற்றர் மதுவைச் சுங்கத் தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் கொண்டு செல்லலாம் என்பது பொது விதி. அவ்வளவோடு தொல்லை விட்டதென்று மகிழ்ந்து, ரெக்சஸ் மாநிலத்தின் கல்வெஸ்டன் துறையில் இறங்குவோர் பணப்பையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட வேண்டாம். அங்கே இறங்குதுறையிலேயே மாநில மதுவரி உத்தியோகத்தர் இருக்கிறார்கள். கையிலுள்ள ஒவ்வொரு போத்தலுக்கும் மாநில வரியைச் செலுத்தி முத்திரை வாங்கிய பின்னரே வெளியேறலாம்.